கடற்கரைத் தண்ணீரில் பாசிப்பயறு ஏன் வேகமாட்டேன் என்கிறது? உங்கள் வீடுகளில் எப்படிச் சமைக்கிறீர்கள்?

தேவிபட்டினத்து மருமகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்து, திருமணமாகித் தேவிபட்டினத்திற்கு வந்தவள். எங்கள் பிறந்த வீட்டில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அவை வளர்ந்து, சித்திரைக்குள் மூட்டையாக வீட்டுக்கு வந்துவிடும். அந்த மூட்டையிலிருந்துதான் எனக்கும் ஆண்டுதோறும் பாசிப்பயறு கொடுத்தனுப்புகிறார்கள்.

என் சிக்கல் இதுதான். அங்கே ஊறவைக்காமல் போட்டாலும் குக்கரில் நாலைந்து விசிலில் மலர்ந்துவிடுகிற அதே பயறு, இங்கே இரவு முழுவதும் ஊறவைத்து அதைவிடக் கூடுதலாக விசில் விட்டாலும் நடுவில் மாவாகக் கடிபடுகிறது. தோல் தனியாகக் கழன்று மிதக்கிறது. குழம்பு கூடி வராமல், பயறு அடியிலும் தெளிந்த நீர் மேலுமாகப் பிரிந்து நிற்கிறது. உப்பை முதலிலேயே போடுவதால்தான் வேகவில்லை என்கிறார் என் மாமியார். குக்கரின் கேஸ்கட் தளர்ந்துவிட்டது என்பது என் கணவரின் முடிவு. பக்கத்து வீட்டு அக்காவோ ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்.

எங்கள் வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. புழக்கத்திற்கு ஆழ்குழாயிலிருந்து வரும் உவர்நீர், முறைவைத்துக் குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், அது வராத நாட்களில் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தண்ணீர். விலை கொடுத்து வாங்கிய தண்ணீரைச் சமையலுக்குத் தாராளமாகச் செலவிட மனம் வருவதில்லை என்பதால், பருப்பும் பயறும் பெரும்பாலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலேயே வேகின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்களில், மீன் விலை எங்களுக்கு எட்டாத உயரத்திற்குப் போய்விடுகிறது. அந்த நாட்களில் பயறுதான் எங்கள் வீட்டுக்குக் கைகொடுக்க வேண்டும். ஆகவே பயறை ஒழுங்காக வேகவைக்கும் வழியையும், இந்தக் கரையோரத்து வீடுகளில் அதை எப்படியெல்லாம் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன். சுண்டலைத் தவிர வேறெதையும் பிள்ளைகள் தொடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உப்பூர் வேதியியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. ஒரே மூட்டைப் பயறு பிறந்த வீட்டில் மலர்ந்து புகுந்த வீட்டில் மலரவில்லையென்றால், பயறையும் குக்கரையும் விட்டுவிட்டு முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேஸ்கட் தளர்ந்திருந்தால் சோறும் வழக்கமான நேரத்தில் வெந்திருக்காது. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாததால், அந்தக் குற்றச்சாட்டை நான் ஒதுக்கிவைக்கிறேன்.

பயறுக்குள் மாவுச்சத்து நிறைந்த நுண்ணறைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். கொதிக்கும்போது அது இளகிக் கரைந்து அறைகள் பிரிந்தால்தான் பயறு குழையும், குழம்பும் கூடி வரும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை பெக்டினோடு பிணைந்து, அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன என்பதால், கடல்நீர் சிறிதளவு ஊடுருவிய ஆழ்குழாயில்கூடக் கடினத்தன்மை விரைவாக ஏறிவிடும். இந்தியத் தர அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்க மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்திருக்கிறது. ஆய்வகத்துக்குப் போகாமலே இதை ஓரளவு கணிக்கலாம். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிகிற தண்ணீரில் பயறும் எளிதில் வேகாது.

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் கரையோரத்தில் காலங்காலமாகச் சொல்லிவருவது பட்டறிவில் பிறந்த சரியான கூற்று. ஆனால் அதற்குக் காரணம் நாம் குழம்பில் போடுகிற சமையல் உப்பு அன்று. நல்ல தண்ணீரில் சிறிது உப்பிட்டுப் பயறை ஊறவைத்தால், உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஓரளவு விலக்கிவிட்டு அந்த இடத்தில் அமர்வதால், தோல் மென்மையாகி வெடிக்காமல் வேகும். பயறு முழுசாக இருக்க வேண்டிய சுண்டலுக்கு இது மிகவும் ஏற்ற முறை. எனவே உங்கள் மாமியார் உப்பைக் குறைசொன்னதில் தவறில்லை, அந்த உப்பு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் நிலத்தடியில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. புளியின் கதை வேறு. புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது என்பதால், புளிக்கரைசல், மாங்காய், தக்காளி ஆகிய எதையும் பயறு விரலுக்கிடையில் நசுங்கும் பதத்திற்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும்.

உவர்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவெடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை கொதிக்கும்போது வெள்ளைப் பொருக்காகப் பாத்திரத்தில் படிந்து நீங்கும். கடல்நீர் கலப்பதால் வருவது பெரும்பாலும் குளோரைடும் சல்பேட்டும் என்பதால், அது எவ்வளவு கொதித்தாலும் தண்ணீரிலேயே தங்கிவிடும். விறகும் எரிவாயுவும் செலவாவதுதான் மிச்சம்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரே பயறில் இரண்டு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஆழ்குழாய் நீரிலும் மற்றொன்றை விலைத் தண்ணீரிலும் தனித்தனி டம்ளர்களில் ஊறவைத்து, அதே தண்ணீரோடு இரண்டு டம்ளர்களையும் ஒரே குக்கருக்குள் வைத்து வேகவையுங்கள். இரண்டும் வேகாவிட்டால் பயறு பழையது. ஒன்று மட்டும் வேகாவிட்டால் தண்ணீர்தான் காரணம்.

சிக்கனத்துக்கும் வழி உண்டு. கல், மண் நீக்கிக் களைவதற்கு ஆழ்குழாய் நீரே போதும். கடைசி அலசலையும், ஊறவைப்பதையும், வேகவைப்பதையும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். ஊறும்போது பயறு ஏறக்குறைய தன் எடையளவு நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதால், உவர்நீரில் ஊறவைத்துவிட்டு நல்ல நீரில் வேகவைப்பது பாதிப் பயனைத்தான் தரும். கால் கிலோ பயறுக்கு இவ்வளவுக்கும் ஒன்றரை லிட்டர் தாராளம். அதிகமாக விசில் விட்டு வீணாகிற எரிவாயுவோடு ஒப்பிட்டால் அந்தத் தண்ணீரின் விலை பெரிதன்று.

கீழக்கரை உம்மா எழுதுகிறார்:

தங்கச்சிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். ஆசிரியர் ஐயா தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட்டதால், அதை நான் திரும்பவும் சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் சமையலுக்கு நல்ல தண்ணீர் தனிப் பானையில்தான் இருக்கும்; அந்தப் பானையில் வேறு சொம்பு விழுந்தால் வீட்டில் சண்டை வரும்.

பிள்ளைகள் சுண்டலைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்றால், தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பிலிருந்து தொடங்குங்கள். அது சீக்கிரம் வேகும், வயிற்றுக்கும் இதமாக இருக்கும். நோன்பு நாட்களில் பகல் முழுவதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு நாங்கள் முதலில் கொடுக்கிற கஞ்சியில் இந்தப் பருப்புதான் பாதி உயிர். அதை நோன்பு மாதத்திற்கு மட்டும் உரியதாக வைக்காமல், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கும், கறி மீன் இல்லாத இரவுக்கும் செய்யலாம்.

ஒரு குவளை பச்சரிசி நொய்க்குக் கால் குவளை பாசிப்பருப்பும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் கணக்கு. பருப்பை வெறும் சட்டியில் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். நிறம் சிவந்துவிட்டால் கஞ்சியில் கசப்புத் தட்டும் என்பதால், வாசம் எழுந்தவுடன் சட்டியை இறக்கிவிட வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலக்காயை எண்ணெயில் பொரியவிட்டு, வெங்காயம், நிறையப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், புதினா, மல்லித்தழை ஆகியவற்றை வதக்கிக்கொள்ளுங்கள். கொத்துக்கறி இருந்தால் அப்போதே சேர்த்துச் சுருள விடலாம், இல்லாவிட்டால் கேரட்டைத் துருவிப் போட்டாலும் குறையில்லை. பிறகு நொய்யையும் பருப்பையும் வெந்தயத்தையும் கொட்டி, ஏழு குவளை நல்ல தண்ணீர் ஊற்றி, குழைய வேகவிட்டு மத்தால் லேசாக மசிக்க வேண்டும். தக்காளி போடுவதாக இருந்தால் குழைந்த பிறகே போடுங்கள். அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன் தேங்காய்ப்பால் ஊற்றி, விளிம்பில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தேங்காய்ப்பால் கொதித்தால் கஞ்சி திரிந்து எண்ணெய் மிதக்கும்.

சரியாகக் காய்ச்சிய கஞ்சி கரண்டியிலிருந்து தடையில்லாமல் வழிய வேண்டும், ஆனால் தட்டில் ஊற்றினால் தண்ணீர் தனியே பிரிந்து ஓடக்கூடாது. ஆறினால் கெட்டிப்படும் என்பதால், அடுப்பில் இருக்கும்போது சற்று நீர்த்தே இருக்கட்டும். தொட்டுக்கொள்ள ஒரு மசால்வடை இருந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள். கடைகளில் இப்போது கஞ்சிக்கென்றே மசாலாப் பொட்டலம் வந்துவிட்டது. அதைப் போட்டால் எல்லா வீட்டுக் கஞ்சியும் ஒரே வாசமாக இருக்கிறது என்பது என் குறை.

தங்கச்சிமடம் கருவாட்டுக்கடை எழுதுகிறார்:

வணக்கம் அக்கா. ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகக் கிணற்று நீரில்தான் பயறு வேகிறது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் குக்கர் கூடத் தேவையில்லை, சாதாரணச் சட்டியிலேயே மலர்ந்துவிடும். தண்ணீருக்குக் காசு கொடுக்க முடியாத வீடுகளும் எங்கள் இராமேசுவரத் தீவில் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டு வழி சொல்லக்கூடாது.

குழம்புக்கு வருகிறேன். பயறை வெறும் சட்டியில் வறுத்து வேகவைத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் சிறிது நேரம் போட்டு, மண் போக இரண்டு முறை அலசுங்கள். இங்கே கிடைக்கும் முண்டு மிளகாயை (இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது) மல்லி, சீரகத்தோடு வறுத்து, தேங்காயும் சின்ன வெங்காயமும் சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ அரைத்தெடுங்கள். நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, நிறையச் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, நீளவாக்கில் நறுக்கிய கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் அரைத்த மசாலாவோடு வேகவிடுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் புளிக்கரைசல், அது பச்சை வாசம் போகக் கொதித்ததும் பயறு, கடைசியாகக் கருவாடு. கருவாடு விழுந்து ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் கொதிக்கக்கூடாது, கரண்டியால் கிண்டவும் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் போதும். உப்பை அதற்குப் பிறகு சுவைத்துப் பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் போட வேண்டியே இருக்காது.

மொச்சைக்குத்தான் கருவாடு பொருந்தும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மொச்சைக் குழம்பு சாப்பிட்டால் மதியம் எழுந்து வேலைக்குப் போக முடியாது, பயறுக் குழம்பு அப்படி அழுத்தாது. மறுநாள் காலையில் பழைய சோற்றோடு சேர்த்தால் அதன் சுவையே வேறு.

உப்பூர் வேதியியல் ஆசிரியர் (ஓய்வு):

தம்பி சொல்வது நியாயம். தண்ணீருக்கு வழியில்லாத வீட்டில் ஆப்பசோடா பயன்படும் என்பதை நான் மறுக்கவில்லை. புளிப்புக்கு எதிரான காரத்தன்மை பெக்டினை வேகமாகக் கரைக்கும் என்பதால் அது வேலை செய்கிறது. ஆனால் அதே காரத்தன்மை தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடும். பயறிலிருந்து நமக்குக் கிடைக்கும் நன்மைகளில் அதுவும் ஒன்று. அளவு சற்றுக் கூடினால் சோப்பு வாடையும் வந்துவிடும், பயறும் மலராமல் கூழாகிவிடும். வேண்டுமானால் கால் கிலோவுக்கு இரு விரலால் கிள்ளிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் ஊறவைக்கும் நீரில் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு அலசினால் வாடை தங்காது.

சாயல்குடி பனங்காட்டான் எழுதுகிறார்:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை யாரும் முளைப்பயறைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் மாவட்டத்தில் முளைப்பாரி எடுக்காத ஊர் எது? மண்சட்டியில் வைக்கோலையும் காய்ந்த சாணத்தூளையும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் படாத வீட்டில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து இளமஞ்சளாக ஓங்கி வளர்த்தெடுக்கும் பெண்களுக்கு, பயறை முளைக்கவைப்பது பற்றி எந்தச் சமையல் வல்லுநரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உவர்நீரைத் தெளித்தால் முளை பின்தங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாசிப்பயறு உவர்ப்பைத் தாங்காத பயிர். சமையலுக்கு முளைகட்டும்போதும் அதே விதிதான்.

கோடையில் பயறு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் விட்டால் நம் ஊர் வெக்கையில் நீர் புளித்து வாடை வந்துவிடும். ஊறிய பயறைக் கையால் அளைந்து பார்த்தால், உப்பாமல் சிறுத்துப் பளபளப்பாக, கல்லாகவே கிடக்கும் சில மணிகள் அகப்படும். தோல் நீரை உள்ளே விடாத அந்த மணிகள் முளைக்கவும் செய்யாது, வேகவும் செய்யாது, பல்லைத்தான் பதம் பார்க்கும் என்பதால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மற்றதைப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் மூட்டையோடு நல்ல தண்ணீரில் அலசி வடியவிட்டால், கோடையில் அரை நாளிலும் மார்கழியில் ஒரு நாளிலும் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். சமையலுக்கு அரை விரற்கடை முளை போதும். அதற்கு மேல் நீண்டால் இனிப்புக் குறைந்து பச்சை வாடை ஏறும்.

முளைத்த பயறில் வயிற்றைப் பொருமச் செய்யும் சர்க்கரைகள் குறைகின்றன. காய்ந்த பயறில் அநேகமாக இல்லாத சி உயிர்ச்சத்து உருவாகிறது. இதை அறிந்தவுடன் பலர் பச்சையாகவே தின்னத் தொடங்கிவிடுகிறார்கள். அது நம் கரையோரத்துக்குச் சரிப்படாது. முளைக்க ஏற்ற வெப்பமும் ஈரமும்தான் நோய்க்கிருமிகள் பெருகவும் ஏற்றவை. சால்மோனெல்லா போன்றவை விதையிலேயே ஒட்டியிருந்தால், மேலோட்டமாக அலசுவதால் போகாது. ஆகவே குழந்தைகளுக்கும், முதியோருக்கும், கருவுற்றவர்களுக்கும் கட்டாயம் நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களும் இட்லிச் சட்டியில் ஆவி நன்றாக ஏறும்வரை வைத்தெடுத்து, கடுகு, வெங்காயம் தாளித்து, தேங்காய்த் துருவலும் கடைசியில் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. அந்தப் புளிப்பு பயறிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் உதவும்.

எங்கள் ஊர்ப் பொருளான கருப்பட்டியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாசிப்பருப்புப் பாயசத்திற்குக் கருப்பட்டியை விடச் சிறந்த இனிப்பு இல்லை என்பேன். ஆனால் பருப்பு முழுவதும் குழைவதற்கு முன் கருப்பட்டிப் பாகை ஊற்றிவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு கொதித்தாலும் பருப்பு மேற்கொண்டு வேகாது. இனிப்பே வேகவிடாமல் இறுக்கும் தன்மையுடையது. போதாததற்குப் பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்பும் சிறிது கருப்பட்டியில் தங்கியிருக்கிறது. ஆசிரியர் சொன்ன கால்சியம் இந்த வழியாகவும் வருகிறது என்று அவருடைய பதிலைப் படித்தபோது புரிந்துகொண்டேன். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண்ணும் தும்பும் போக வடிகட்டி, குழைந்த பருப்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். தேங்காய்ப்பாலும் சுக்குத்தூளும் இறக்கிய பிறகுதான்.

தேவிபட்டினத்து மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன டம்ளர் சோதனையைச் செய்து பார்த்தேன். விலைத் தண்ணீரில் வெந்தது கரண்டி படாமலே மலர்ந்திருந்தது, ஆழ்குழாய்த் தண்ணீரில் வெந்தது நடுவில் வெண்மையாகக் கடிபட்டது. இரண்டு டம்ளர்களையும் மாமியாரிடம் காட்டினேன். அவர் இரண்டையும் வாயிலிட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் பயறுக்கும் பருப்புக்கும் தனிக்குடம் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். உம்மா சொன்ன கஞ்சியை என் பிள்ளைகள் மறுக்காமல் குடித்தார்கள். கருவாட்டுக் குழம்பு இந்த வாரம்.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. மூட்டைப் பயறு ஆவணி, புரட்டாசிக்குள் வண்டு பிடித்துவிடுகிறது. அதைத் தடுக்க வழி உண்டா? இங்கே கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் நவபாஷாணத்தில் நவதானியம் படைக்க வருகிறவர்களுக்காகக் கடைகளில் சிறு பொட்டலமாக விற்கும் பச்சைப்பயறைச் சமையலுக்கு வாங்கலாமா? இன்னொன்று, மாலையில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பயறில் செய்து சில நாட்கள் வைத்துக்கொள்ளக்கூடிய பலகாரம் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

மண்டபம் முகாம் வீதி அக்கா எழுதுகிறார்:

தங்கைக்கு வணக்கம். படையலுக்கென்று விற்கும் பொட்டலத்தைச் சமையலுக்கு வாங்காதீர்கள். எவ்வளவு நாள் கடையில் தொங்கியது என்று யாருக்கும் தெரியாது. வெக்கையிலும் கடல் ஈரத்திலும் பல மாதம் கிடந்த பயறு, நல்ல தண்ணீரில் போட்டாலும் இறுகியே நிற்கும்.

வண்டு வெளியிலிருந்து டப்பாவுக்குள் ஏறி வருவதாக எண்ணுகிறோம், ஆனால் பெரும்பாலும் வயலில் நெற்று காயும்போதே முட்டை வைத்துவிடுகிறது. பயறின் மேல் சிறு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. ஊரிலிருந்து மூட்டை வந்தவுடன் நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். நிழலில் முழுவதும் ஆறிய பிறகு, சூடு இல்லாதபோது, இறுக மூடும் தகர டப்பாக்களில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் சிறு சிறு பைகளாகக் கட்டி, உறைய வைக்கும் பகுதியில் சில நாட்கள் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் இறந்துவிடும். மூட்டையில் பாதியை ஊரிலேயே உடைத்துத் தோல் நீக்கிப் பருப்பாக்கி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. முழுப்பயறின் வழவழப்பான தோலில்தான் அந்த வண்டு விரும்பி முட்டையிடும். உடைத்த பருப்பில் அதற்கு அவ்வளவு நாட்டமில்லை.

பலகாரத்திற்குப் பயத்தம் பணியாரம் செய்யுங்கள். அக்கரையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் நல்ல நாளுக்கும் பெருநாளுக்கும் செய்கிற பண்டம் இது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்ந்த ஒரு மூதாட்டி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த காலத்தில், இரு கரைக்கும் பண்டங்கள் எளிதாகப் போய்வந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

பயறைச் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து, உரலில் இடித்தோ ஆலையில் கொடுத்தோ தோலைப் புடைத்து நீக்கி, ரவையை விட நைசான மாவாக்குங்கள். இரண்டு குவளை மாவுக்கு ஒரு குவளை தேங்காய்த் துருவல். ஈரம் முழுவதும் போய்ச் சிவக்கும்வரை அதை வறுக்க வேண்டும், ஈரம் இருந்தால் பணியாரம் இரண்டாம் நாளே ஊசிப்போகும். மிளகு, சீரகம், ஏலக்காய் மூன்றையும் வறுத்துப் பொடித்துச் சேருங்கள். மிளகு உறைக்குமே என்று குறைக்காதீர்கள், அந்த உறைப்பு இல்லாவிட்டால் வெறும் இனிப்பு உருண்டையாகிவிடும். சர்க்கரைப் பாகையோ கருப்பட்டிப் பாகையோ சூடாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் எலுமிச்சை அளவு உருண்டைகளாக இறுக்கிப் பிடித்து, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

மேல்மாவுக்கு அரிசி மாவும் அதில் பாதி மைதாவும் எடுத்து, தேங்காய்ப்பாலில் உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தோசை மாவை விடச் சற்றுக் கெட்டியாகக் கரைக்க வேண்டும். உருண்டையைத் தோய்த்தெடுக்கும்போது மாவு மெல்லிய படலமாக எல்லாப் பக்கமும் மூடியிருக்கட்டும். ஓரிடம் விட்டுப்போனாலும் எண்ணெயில் அந்த வழியாகப் பாகு கசிந்து சட்டி முழுவதும் கருகிவிடும். எண்ணெய் நடுத்தரச் சூட்டில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது முன்பே வறுபட்டது என்பதால் மேல்மாவு வெந்து மொறுமொறுத்தால் போதும், மஞ்சள் நிறம் மாறிச் சிவக்கவிட வேண்டாம். வடித்தெடுத்து முழுவதும் ஆறிய பிறகு, காகிதம் விரித்த டப்பாவில் அடுக்கி மூடினால் ஒரு வாரம் தாங்கும். மழைக்காலமாக இருந்தால் நாலைந்து நாளுக்குள் தின்று தீர்த்துவிடுங்கள்.